அந்த ரப்பர் மரம் நான்தான்

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். சர்க்கரைக்கு நல்லதாம். சுங்கை வேயில் எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் தெரு நாய்கள் பழகிவிட்டன, எனக்குச் சலிப்பும் தட்டிவிட்டது. சும்மா நடக்க எனக்கு வராது. எங்காவது போய்ச் சேர வேண்டும், சேர்ந்த இடத்தில் ஒரு டீயாவது கிடைக்க வேண்டும். அப்படித்தான் இந்த நடைச் சுற்றுலாக்களில் சேர ஆரம்பித்தேன். பல இடங்களில் இலவசம் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

இந்த நடைகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு சுற்றுலாத் தகவல் மையத்தில்தான் தொடங்கும். நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ, போனால் ஒன்று கவனியுங்கள். வெள்ளைக்காரர் உள்ளே வந்தால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை எழுந்து நிற்கும். என்னைப் போல ஓர் ஆன்டி கைப்பையோடு நுழைந்தால், நான் வாயைத் திறக்கும் முன்பே, "டாய்லெட் அந்தப் பக்கம் ஆன்டி" என்று கையைக் காட்டும். எனக்கு இது ஒரு முறை அல்ல, பல முறை நடந்திருக்கிறது. பிறந்த ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுவது அவ்வளவு நம்ப முடியாத விஷயமா? கோபத்தில் நான் அங்கே இருக்கிற துண்டுப் பிரசுரங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவேன். ஜப்பானிய மொழியில் இருப்பதைக்கூட விடுவதில்லை.

எந்தப் பிரசுரத்தை விரித்தாலும் நம் தமிழர்களுக்கென்று ஐந்து வரி ஒதுக்கியிருப்பார்கள். வண்ணமயமான சேலைகள், மணக்கும் கறி, மல்லிகைச் சரம், கோயில் மணி, கிளி ஜோசியம். முடிந்தது. நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசையில் ரயில் ஓட்டியவர்கள், சிக்னல் போட்டவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், கணக்கு எழுதியவர்கள் என்று அத்தனை பேர் இருந்தார்கள். அவர்கள் யாரும் மணக்கவில்லை போலிருக்கிறது.

ஆனாலும் அந்தப் பிரசுரங்களின் வாசனை எனக்குப் பிடிக்கும். புது மை, வழவழப்பான தாள். அப்பா ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். புதிய கால அட்டவணை அச்சாகி வரும்போதெல்லாம் வீட்டுக்கு ஒன்று கொண்டுவருவார். நானும் தம்பியும் அதைப் பிரித்து முகத்தில் மூடிக்கொண்டு முகர்வோம். "மூக்குல மை ஒட்டும்டி" என்று அம்மா கத்துவார். ஒட்டும்தான். மறுநாள் மெதடிஸ்ட் பள்ளியில் மூக்கில் என்ன என்று டீச்சர் கேட்டால், தைப்பிங் போகும் ரயில் என்று பெருமையாகச் சொல்வேன்.

சரி, கிள்ளானுக்கு வருகிறேன். சொல்ல வந்தது அதைத்தான்.

கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் பிடித்துக் கிள்ளானில் இறங்கி ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்ந்தேன். வழிகாட்டி ஓர் இளம்பெண், பெயர் தேவி. கையில் சிவப்புக் குடை. டெங்கில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து தினமும் வருகிறாள். எங்களைப் பழைய கடை வீடுகள் வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். பேச்சு நன்றாக இருந்தது, குரலில் அலட்டல் இல்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் கத்தப் போகிறேன்.

நடை முடிகிற இடம் ஒரு சிறிய அருங்காட்சியகம். கடை வீடு ஒன்றின் மாடியில் யாரோ தனியார் நடத்துவது. செங்குத்தான மரப்படி. மேலே போனதும் புது பெயின்ட் வாசனை. மூலையில் இரண்டு சாக்கு மூட்டைகள், ஓர் அம்மி, ஒரு தையல் மெஷின், நம் சமூகத்தின் வரலாறு ஒரே பார்வையில். திரும்பினால் எதிர்ச் சுவர் முழுவதும், என்னைவிட உயரமாக, கிரேஸ் அத்தை நின்றுகொண்டிருக்கிறார்.

கிரேஸ் அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. கறுப்பு வெள்ளைப் படம். தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு, முழுக்கைச் சட்டை, கைலி, கையில் பால் சீவும் கத்தி, பக்கத்தில் ஒரு ரப்பர் மரம். கீழே பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்தது: "ரப்பர் தோட்டத் தொழிலாளி. பெயர் தெரியவில்லை."

தேவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. விடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, மழையிலயும் இருட்டுலயும் மரம் சீவப் போன ஆயிரக்கணக்கான பொம்பளைங்கள்ல ஒருத்தவங்க. அவங்க கண்ணுல உள்ள சோகத்தக் கொஞ்சம் பாருங்க." பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். கூட வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

அது சோகம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பக்கத்தில் நின்ற ரப்பர் மரம் நான்தான்.

ரயில்வே இன்ஸ்டிடியூட் என்ற ஊழியர் மன்றத்தில் ஆண்டுதோறும் மாறுவேடப் போட்டி நடக்கும். எங்கள் வரிசை வீடுகளில் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள், ரகசியம் வெளியே போய்விடுமே என்று. அத்தைக்கு அப்போது இருபது வயதுக்கு மேல். ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பளபளக்கும் நகம், மணிக்கட்டில் கடிகாரம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் குதிகால் செருப்பு. அந்த வருடம் அவருக்கு என்ன தோன்றியதோ, ரப்பர் மரம் சீவும் பெண்ணாகப் போகிறேன் என்றார். எங்களில் யாரும் தோட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. ரயில் ஜன்னலில் ஓடும்போது பார்த்ததுதான்.

அப்பாவின் பழைய சட்டை கிடைத்தது. நெற்றி விளக்கு, பால் டின்னை வெட்டிச் செய்தது. கத்தி, அட்டையில் வெட்டி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் ஒட்டியது. மரத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை என்மேல் கழுத்து முதல் கால் வரை சுற்றிக் கோந்து போட்டார்கள். வயிற்றில் ஒரு சிரட்டை. தலைக்கு மேல் வேப்பிலைக் கொத்து, ரப்பர் இலைக்கு எங்கே போவது? மேடை ஏறும் முன் ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். அவர் கருவியைச் சரிசெய்துகொண்டே இருக்க, நான் மெதுவாக, "அத்த, ஒண்ணுக்கு வருது" என்றேன். "மரத்துக்கெல்லாம் வராது, பேசாம நில்லு" என்று அத்தை உதடு அசையாமல் சொன்னார். அந்த நொடியில் எடுத்ததுதான் அந்தச் சோகமான கண்கள்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு தபால் பெட்டியாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர் மகனுக்குப் போனது. அத்தை அதைப் பற்றி இன்றும் நல்ல வார்த்தை சொல்வதில்லை.

ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தைக் கடைக் கண்ணாடியில் வெகுநாள் வைத்திருந்தார். கடை மூடியபோது அவருடைய படங்கள் பழைய சாமான்காரருக்குப் போயின. அங்கிருந்து எந்த வழியாகவோ கிள்ளான் மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வந்த இடத்தில் என் தலையை வெட்டிவிட்டார்கள். வெறும் மரமாகத் தெரிய வேண்டுமாம். ஆனால் பாருங்கள், கீழே ஓரத்தில் மரத்துக்குக் காலில் ஒரு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து இருக்கிறது. தொழிலாளியின் மணிக்கட்டில் கடிகாரம் இருக்கிறது. இத்தனை பெரிதாக்கிச் சுவரில் மாட்டியவர்களில் ஒருவருக்குமா கண் தெரியவில்லை?

"அது எங்க அத்தை" என்று நான் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள். "அவங்க தோட்டத்துல வேல செய்யல. டெலிபோன் ஆபரேட்டர். மாறுவேடப் போட்டி அது. அந்த மரம் நான்தான்."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். இதுவும் சுற்றுலாவில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். மூக்கை உறிஞ்சிய அம்மாள் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

தேவி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். "ஆன்டி, நெசமாவா?" அவள் முகம் வெளுத்திருந்தது. போய் மேனேஜரை அழைத்துவந்தாள். அவர் நம் ஆள்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு.

"ப்ரூப் ஏதும் இருக்கா ஆன்டி?"

"நான் இருக்கேனே."

"அது இல்ல ஆன்டி, டாக்குமெண்ட் மாதிரி."

சப்பாத்தைக் காட்டினேன், கடிகாரத்தைக் காட்டினேன். அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமால்ல" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு பக்கத்து அலமாரியைக் காட்டினார். துணிப்பை, சாவிக்கொத்து, ஐஸ்பெட்டியில் ஒட்டும் காந்தம், எல்லாவற்றிலும் அத்தை. "இது நம்ம பிராண்ட் ஆயிருச்சு லா ஆன்டி. இனிமே பேர் போட்டா அந்த ஃபீலிங் போயிடும். பேர் தெரியலன்னு இருந்தாத்தான் பாக்குறவங்க ஒவ்வொருத்தரும் தன்னோட பாட்டின்னு நெனச்சுக்குவாங்க."

பேர் போட்டால் ஃபீலிங் போய்விடும்! ரயிலில் வீடு திரும்பும் வரைக்கும் இந்த வாக்கியம் தலைக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. எங்கள் அத்தை பெயரில்லாதவரா? மலாயா முழுக்க எத்தனை ஸ்டேஷன்களில் அவர் குரலைக் கேட்டாலே, "கிரேஸ், எப்படி இருக்கே?" என்று கேட்பார்கள் தெரியுமா? எங்கள் வரிசையில் முதன்முதலில் ஸ்கூட்டர் ஓட்டிய பெண் அவர். பாதிரியார் அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். அடுத்த வாரம் அவருக்கே அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தபோது அத்தையின் பின்னால்தான் உட்கார்ந்து போனார். அப்படிப்பட்டவருக்கு ஒரு பெயர் போட இடமில்லை, சாவிக்கொத்தில் தொங்கவிட மட்டும் இடம் இருக்கிறதா?

அத்தை இப்போது செராஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். எண்பது வயதாகிவிட்டது. போனில் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

போகும் நாளில் நல்ல புடவை, உதட்டுச் சாயம், கைத்தடி. மரப்படியை ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறினார். கூட வந்த என்னைத் தொட விடவில்லை. மேலே வந்து தன்னைத் தானே அண்ணாந்து பார்த்தார்.

"அடப் பாவமே, வாட்சக் கழட்ட மறந்துட்டேன் பாரு" என்றார். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

மேனேஜர் ஓடிவந்து நாற்காலி போட்டார். அவர் யோசித்து வைத்திருந்தார். அத்தை வந்தது அவருக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம். "ஆன்டி, நம்ம ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாம். உங்க எஸ்டேட் லைஃப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க. பேரும் போட்டுர்றோம்."

"என்ன எஸ்டேட்? நான் பொறந்தது பிரிக்பீல்ட்ஸ்."

"சும்மா பொதுவா சொல்லுங்க ஆன்டி. கஷ்டம், குளிர், அட்டப்பூச்சி, அந்த மாதிரி."

அத்தை அவரிடமிருந்து திரும்பி, டீ கொண்டுவந்த தேவியைப் பார்த்து, "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"டெங்கில் பக்கம் ஆன்டி. எஸ்டேட்டுதான். எங்கம்மா மரம் சீவுனவங்க."

"உங்கம்மா போட்டோ இங்க எங்க?"

தேவி சிரிக்க முயன்றாள். "அம்மாவ யாரும் வேலையில போட்டோ எடுத்ததில்ல ஆன்டி. யாரு எடுப்பா? அடையாளக் கார்டு ஐசி-யில உள்ளது, என் கல்யாணத்துல எடுத்தது, அவ்வளவுதான்."

அத்தை டீயைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "இதக் கழட்டுங்க" என்றார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "அத்த, பேர் போடச் சொல்லத்தானே வந்தோம்?"

"என் பேரு எதுக்கு அங்க? நான் ஒரு சாயங்காலம் வேஷம் போட்டேன், ரெண்டாம் பரிசு வாங்கினேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். அந்த எடத்துல நிக்க வேண்டியவ நான் இல்ல. இந்தப் பிள்ள தெனம் தெனம் என்னக் காட்டி, இவங்க கஷ்டத்தப் பாருங்கன்னு சொல்லிக்கிட்டு நிக்குது. வீட்ல அதோட அம்மா சும்மா உக்காந்திருக்காங்க. இது என்ன அநியாயம்?"

மேனேஜர், கழற்ற முடியாது, ஸ்பான்சர் இருக்கிறார்கள், கமிட்டி இருக்கிறது என்றார். குரல் ஏறியது. அத்தை கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். எழுந்து போய், பலகையில் 'ரப்பர் தோட்டத் தொழிலாளி' என்பதை ஓர் இழுப்பு இழுத்து அடித்தார். பக்கத்தில் எழுதினார்: "டெலிபோன் ஆபரேட்டர். இது வேஷம்." மூன்று மொழியிலும் எழுதினார். மலாய் எழுத்துப்பிழை இல்லாமல் வர வேண்டும் என்று என்னிடம் ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டார். மேனேஜர் "ஆன்டி! ஆன்டி!" என்று கத்திக்கொண்டிருந்தார். தேவி ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே புதுப் பலகை வந்துவிட்டது. அதே பழைய வாசகம், முன்னைவிட அழகான எழுத்தில். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தேவி போன் செய்தாள். "ஆன்டி, அம்மாவ ஒரு நல்ல போட்டோ எடுக்கலாமா? நானே சுவத்துல மாட்டச் சொல்லிக் கேக்குறேன்."

போனோம். அத்தையும் வந்தார். தேவியின் அம்மா பெயர் அஞ்சலை. தோட்டத்தை மூடியபின் கிடைத்த மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறார். தேவி பழைய சட்டை, தலைத்துண்டு எல்லாம் தேடி எடுத்து வைத்திருந்தாள். அஞ்சலை அதைக் கையாலும் தொடவில்லை.

"அந்தத் துணிய எவ மறுபடி போடுவா? பால் நாத்தம் போறதுக்கே எனக்கு அத்தன வருசம் ஆச்சு."

மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கழுத்தில் சங்கிலி, தலையில் பூ, நேரே பார்க்கும் பார்வை. ஒரு சிரிப்பும் இல்லை, ஒரு சோகமும் இல்லை. நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான்.

மேனேஜர் அதை வாங்கிப் பார்த்தார். "அழகா இருக்காங்க. ஆனா எஸ்டேட் மாதிரி இல்லியே" என்றார்.

முப்பது வருடத்துக்கும் மேல் எஸ்டேட்டிலேயே இருந்தவர் எஸ்டேட் மாதிரி இல்லையாம். டெலிபோன் ஆபரேட்டர்தான் அப்படி இருக்கிறாராம். இதற்கு நான் என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். தேவி அந்த மாதமே வேலையை விட்டாள். அந்த அருங்காட்சியகமும் நெடுநாள் ஓடவில்லை. மாடியில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசும் கடை. துணிப்பைகள் மட்டும் ஊரில் இன்னும் திரிகின்றன. ஒரு நாள் ரயிலில் ஒரு பையன் அத்தைக்குள் மடிக்கணினியை வைத்து எடுத்துப் போவதைப் பார்த்தேன்.

அன்று படம் எடுத்த பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. அஞ்சலை எங்களைத் தான் வேலை செய்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்பாலத் தோட்டம் என்பது நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர். மரம் ஒன்றுகூட இல்லை. வரிசையாகக் கிடங்குகள், கம்பி வேலி, உள்ளே லோரிகள். அஞ்சலை பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியோரமாக நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

"இங்கேருந்து அந்த லோரி வரைக்கும் என் நெர, நான் சீவுன மரங்க. இந்த எடத்துல ஒரு மரம், தொட்டாப் போதும், பால் கொட்டும். பக்கத்துல உள்ளது சனியன், ஒரு சொட்டுத் தராது. அங்க புள்ளக்கொட்டாய். என் மூத்தவன அங்கதான் போட்டுட்டு வருவேன்."

காவலாளி வேலிக்கு உள்ளேயிருந்து வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். தேவி சொன்னாள். இங்கே எப்போதும் கிடங்குதான், தோட்டம் எதுவும் இருந்ததில்லை என்றார் அவர். எங்கிருந்தோ பிழைக்க வந்த மனிதர், அவரைக் கோபித்து என்ன பயன்? அஞ்சலை அவரைப் பார்க்கக்கூட இல்லை.

"எனக்கு அந்த மரத்து மேல ஆசையெல்லாம் இல்லக்கா" என்றார் அத்தையிடம். "வெட்டிப் போட்டது நல்லதுதான். ஆனா வேல இல்லன்னு ஆபீஸ் சுவத்துல ஒரு தாள ஒட்டிட்டுப் போயிட்டானுங்க. ஒருத்தன் நேர்ல வந்து எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லல."

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார்கள். அந்த நிறுத்தத்தின் தூணில், யாரோ எப்போதோ தமிழில் பெயின்டால் எழுதிய 'கல்பாலத் தோட்டம்' பாதி உதிர்ந்து இருந்தது. வரிசை வீடுகள் போய், கோயில் போய், பள்ளிக்கூடம் வேறு இடத்துக்குப் போய், மிஞ்சியது அந்த எழுத்து மட்டும்தான்.

சில மாதம் கழித்து நான் மறுபடி போனேன். பழைய தூணை இடித்துப் புது நிறுத்தம் கட்டியிருந்தார்கள், கண்ணாடிக் கூரை, உட்கார நல்ல இருக்கை. பலகையில் புதிதாக வரப்போகும் குடியிருப்பின் ஆங்கிலப் பெயர். அஞ்சலை டாக்சி பிடித்தால் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறாராம். ஓட்டுநர்கள் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு எடமே இல்லியே ஆன்டி" என்கிறார்களாம்.